தனுஷ்கோடிக்குக் கேமராவோடு வருகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் உங்களைப் பார்க்கிறேன். ராமேசுவரம் கோயிலில் தீர்த்தமாடிவிட்டு ஈரத் தலையோடு வேன் ஏறி வருகிறவர்கள், மதுரையிலிருந்து விடிகாலையில் பைக்கில் கிளம்பி வருகிற பையன்கள், கைப்பேசியைக் குச்சியில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே பேசுகிறவர்கள், பெட்டியிலிருந்து ட்ரோனை எடுத்துப் பறக்கவிடுகிறவர்கள். எல்லோரும் அந்த இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறீர்கள். அநேகமாக எல்லோரும் அந்த வார்த்தையைச் சொல்கிறீர்கள்: "பேய் நகரம்."

அந்த வார்த்தையைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தனுஷ்கோடியில் கரைவலை இழுத்த ஒருவரின் பேத்தி. இப்போது குடியிருப்பது ராமேசுவரத்தில். என் அத்தையும் சித்தப்பா குடும்பமும் இன்னும் தனுஷ்கோடி மணலில்தான் இருக்கிறார்கள். போன வருடம் அத்தையின் பேத்தி, நாலாம் வகுப்பு படிக்கிறவள், யாரோ காட்டிய கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அதன் முகப்புப் படத்தில் இருந்தது அத்தையின் ஓலைக் குடிசை. வானத்தைக் கறுப்பாக்கி, வாசலில் ஒரு வெள்ளை உருவத்தை ஒட்டியிருந்தார்கள். "நம்ம வீட்டப் பேய் வீடுன்னு போட்டிருக்காங்க அப்பத்தா" என்றாள். அத்தை கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். வாசலில் அவர் காயப்போட்டிருந்த நெத்திலி கூடப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி அந்தப் பிள்ளை வெளியே போகப் பயந்து அழுதது. பிறந்ததிலிருந்து அவள் விளையாடும் மணல் அது.

பேய் நகரம் என்பது ஆங்கிலத்திலிருந்து அப்படியே தூக்கி வந்த சொல். ஆளில்லாமல் போன ஊரைத் தமிழில் பாழடைந்த ஊர் என்போம், பாழூர் என்போம், அழிந்த ஊர் என்போம். பேய் என்று சொன்னால் நமக்கு அது செத்துப்போன ஒரு மனிதர். என் சொந்த அப்பத்தாவின் காதில் அந்தச் சொல் விழுந்தபோதெல்லாம் அவருக்குத் தெரிந்தது தன் கொழுந்தனின் முகம்.

புயல் ஊரை அழித்த அந்த இரவைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். பின்னணியில் திகில் இசை போட்டுச் சொல்வதால் பல விவரங்கள் கலங்கிவிட்டன. அதனால் ஒரு தடவை நேராகச் சொல்லிவிடுகிறேன். 1964 டிசம்பர் நடுவில் அந்தமான் கடல் பக்கம் உருவான புயல், இலங்கையில் வவுனியாவைக் கடந்து, 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியில் ஏறியது. இருபது அடிக்கும் மேலே அலை எழுந்ததாகச் சொல்கிறார்கள். அன்று இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், ஊரை நெருங்கும்போது சிக்னல் கிடைக்காமல் நின்றது. ஓட்டுநர் நீளமாக விசில் ஊதிவிட்டு மெல்ல நகர்த்தினார் என்பார்கள். அப்புறம் அந்த ரயில் கடலுக்குள் போய்விட்டது. பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர்கள் 5 பேர் என்பது கணக்கில் உள்ளது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. மொத்தமாகப் புயலில் போனவர்கள் சுமார் 1,800 பேர் என்கிறார்கள்.

என் அப்பத்தா அன்று பேறுகாலத்துக்காகத் தங்கச்சிமடத்தில் தாய் வீட்டில் இருந்தார். அதனால் பிழைத்தார். தாத்தா ஒரு மணல்மேட்டில் ஏறி, தாழம்புதரைப் பிடித்துக்கொண்டு விடிய விடியக் கிடந்தார். தாத்தாவின் தம்பி, மணலில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தை இழுத்துக் கட்டப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் அப்பத்தா கடைசி வரைக்கும் அவருக்குத் திதி கொடுக்கும்போது "இருந்தா வந்துருவான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இலையைப் போடுவார்.

இப்படி ஒரு பெயர் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. நீங்கள் பேய் என்று சொல்லிச் சிரிப்பது அவர்களை.

சரி, அழிந்தது என்ன என்பதையாவது நாம் ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா? தனுஷ்கோடி பெரிய துறைமுகமாகும் முன்பே யாத்திரை ஊர். காசிக்குப் போகிறவர்கள் சேதுவில் நீராடி, இங்கிருந்து மணல் எடுத்துப்போய் கங்கையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வது பழைய வழக்கம். அந்த வழியைக் காத்தவர்கள் என்பதால்தான் ராமநாதபுரம் மன்னர்களுக்குச் சேதுபதி என்று பெயர். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் ஊரின் முகமே மாறியது. சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். அப்போது பிரதான பாதையே பாம்பன்–தனுஷ்கோடிதான். ராமேசுவரத்துக்குப் பாம்பனிலிருந்து பிரிந்து போனது கிளைப் பாதை. இன்றைக்கு இதைச் சொன்னால் ராமேசுவரத்துப் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன எத்தனையோ குடும்பங்கள் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டு, இந்தத் துறைமுகத்தில் கப்பலேறித்தான் கடல் தாண்டின. ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். நீங்கள் படம் எடுக்கும் அந்தச் சுவர்கள் பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. உற்றுப் பார்த்தால் கல்லில் பூப்பூவாகப் பவளத்தின் தடம் தெரியும். இப்போது கடலிலிருந்து பவளத்தை எடுத்தாலே குற்றம்; அப்படி ஒரு சுவர் இனிமேல் யாரும் கட்டப்போவதில்லை. அதில் சாவியால் பெயரைக் கீறுகிறீர்கள். ஞாபகத்துக்கு என்று ஒரு துண்டைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்கிறீர்கள். அந்தச் சுவரைப் புயல் விட்டுவைத்தது. தயவுசெய்து நீங்களும் விட்டுவையுங்கள்.

புயலுக்குப் பிறகு அரசு இந்த இடத்தை மக்கள் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். அந்தப் பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர்தான் பின்னாளில் கொங்கன் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கொண்டுவந்த ஈ. ஸ்ரீதரன். ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த தண்டவாளம் திரும்பி வரவில்லை. 2019-இல் புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ரயில் இன்னும் வரவில்லை. துறைமுகம் போனது, அலுவலகங்கள் போயின, உத்தியோகக்காரர்கள் போனார்கள். உங்கள் காணொளிகள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன.

எங்கள் கதை இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

தாத்தா சில மாதம் கழித்துத் திரும்பிப் போனார். அவரைப் போல் இன்னும் சிலர். ஏன் போனீர்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "வேற எங்க போறது? எனக்குத் தெரிஞ்ச கடல் இது ஒண்ணுதான்" என்றார். அப்போது புரியவில்லை. அந்த மணல்முனையின் அமைப்பைத் தெரிந்துகொண்ட பிறகுதான் புரிந்தது. அது இரண்டு கடலுக்கு நடுவே நீட்டிய ஒரு விரல் மாதிரி. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் வடகடல், தென்கடல் என்போம். வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு; அலை அடங்கி இருப்பதையும் ஓங்கி அடிப்பதையும் வைத்து வந்த பெயர். ஆனால் வருடம் முழுக்க அப்படியே இருப்பதில்லை. வைகாசி பிறந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீச ஆரம்பித்தால் தென்கடலில் வலை விட முடியாது. அப்போது வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை என்கிற வடகிழக்குக் காற்று இறங்கினால் நிலைமை தலைகீழ், வடகடல் கலங்கும், தென்கடல் அடங்கும். மற்ற ஊர் மீனவர் காற்று மாறினால் வீட்டில் உட்கார வேண்டும். தனுஷ்கோடிக்காரர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலைக் கடந்து மறு கரைக்குப் போனால் போதும். காற்று எதுவானாலும் ஒரு கடல் திறந்திருக்கும் இப்படிப்பட்ட இடத்தை விட்டு எங்கே போவார் அவர்?

கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள், படமும் எடுத்திருப்பீர்கள். ஆனால் முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாகச் சுற்றி வலையை இறக்கிக்கொண்டே வந்து, தூரத்தில் இன்னொரு இடத்தில் மறு முனையைக் கரை சேர்க்கும். இரண்டு முனையிலும் இரண்டு கூட்டம். இடுப்பில் ஒரு சின்னக் கயிற்றைக் கட்டி, அதைப் பெரிய கயிற்றில் மாட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரே தாளத்தில் பின்னோக்கி நடக்க வேண்டும். கைபலத்தால் இழுக்கிற வேலை என்று நினைக்காதீர்கள், இழுப்பது இடுப்பும் குதிகாலும். பின்னால் போய்ச் சேர்ந்தவர் கயிற்றைக் கழற்றிவிட்டு முன்னால் தண்ணீர் ஓரத்துக்கு வந்து மறுபடி மாட்டுவார். இரண்டு கூட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிவரும். கடைசியில் மடி, அதாவது மீன் சேரும் வலைப் பை, கரையேறும்போது ஓடிவந்து பார்ப்பது பிள்ளைகள்தான். சூடை, காரல், நெத்திலி, சில நாள் பாறை மீன், கணவாய். சில நாள் வெறும் சொறி மீனும் பாசியும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பங்கு போக மிச்சத்தை இழுத்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். வயதானவர், பெண்கள், வேலை தேடி அன்றைக்குத்தான் வந்தவர் என்று யார் கயிறு பிடித்தாலும் பங்கு உண்டு. என் அப்பத்தா, தாத்தா இறந்தபிறகு ஆறு வருடம் அப்படித்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

அந்தக் கயிறு மணலில் கிடக்கும்போது அதன் மேல் பைக்கை ஏற்றுகிறீர்கள். தெரியாமல் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மணல் ஏறிய கயிற்றில் சக்கரம் ஏறினால் உள்ளிழை அறுந்துவிடும். அது அடுத்த இழுப்பில், பாரம் ஏறியபிறகுதான் தெரியவரும். அப்போது பின்னால் சாய்ந்திருக்கும் பத்துப் பேரும் மல்லாந்து விழுவார்கள்.

அப்புறம், ஊற்று. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சுற்றிலும் உப்புக் கடல். ஆனால் மணலில் இடுப்பளவு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. மெல்லிய ஏடு மாதிரித்தான் நிற்கும். ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். அவசரமாக இறைத்தாலும் உப்பு மேலே ஏறிவிடும். அதனால் பெண்கள் சிரட்டையால், ஊற ஊறக் காத்திருந்து, மொண்டு குடத்தை நிரப்புவார்கள். எங்கே தோண்டலாம், ஓர் ஊற்றை எத்தனை நாள் விட்டுப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அத்தைக்குப் பாடம்.

போன சித்திரையில் ஐந்தாறு பேர் கடலில் குளித்துவிட்டு வந்து அத்தையின் ஊற்றில் கால் கழுவினார்கள். உப்பும் மணலும் சோப்பு நுரையும் உள்ளே போனது. அவர்கள் அதை மழைத் தண்ணீர் தேங்கிய குழி என்று நினைத்திருக்கலாம். அத்தை அவர்களிடம் சண்டை போடவில்லை. அவர்கள் போனபின் குழியை மூடிவிட்டு, கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் தோண்ட ஆரம்பித்தார். அன்று மத்தியானம்வரை வீட்டில் சோறு வடிக்கவில்லை. மணலில் குழி இருந்து, பக்கத்தில் ஒரு சிரட்டை கவிழ்த்து வைத்திருந்தால், அது யாரோ ஒருவர் வீட்டுக் குடிதண்ணீர். இதை உங்கள் காணொளியில் ஒரு வரி சொல்லுங்கள், போதும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பேய் நகரம் என்ற சொல் எங்கள் மனதை மட்டும் சுடுவதில்லை. அது எங்கள் கோரிக்கைகளையும் அழித்துவிடுகிறது. ஆளில்லாத ஊர் என்று நாடே நம்பிவிட்டால், அந்த ஊருக்குத் தண்ணீர் வேண்டும், விளக்கு வேண்டும், பிரசவத்துக்கு வண்டி வேண்டும் என்று கேட்கிறவர் குரல் யாருக்குக் கேட்கும்? பல பத்தாண்டுகள் இந்தக் கரையில் மின்சாரம் இல்லாமல் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் காய்ச்சல்காரரைக் கூட மணலிலும் சேற்றிலும் மீன் வண்டியில்தான் கொண்டுபோனோம். 2017-இல் மணல்முனையின் கடைசியான அரிச்சல்முனை வரை சாலை வந்தது. நல்ல விஷயம். அந்தச் சாலையால்தான் நீங்களும் வந்தீர்கள். அத்தையால் மீன் பொரித்து விற்கவும் முடிகிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்துவிட்டது, இனிமேல் கூட்டம் இன்னும் கூடும். கூடட்டும். வருகிறவர்கள் எல்லோரும் இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று திரும்பிப்போய்ச் சொன்னால், எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. பேய்களைப் பார்த்தோம் என்று சொன்னால், நாங்கள் இன்னும் கொஞ்சம் மறைந்து போவோம்.

இந்த மக்கள் வெறுமனே தங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களும் அல்ல. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்தவர்கள் எத்தனையோ பேர் இந்த முனையில்தான் காலூன்றினார்கள். தலைமன்னார் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் கூட இல்லை. சித்தப்பா சொல்வார், விடியலில் வலைக்குப் போனால் மணலில் குழந்தைகளோடு நனைந்து உட்கார்ந்திருப்பார்கள், முதலில் தண்ணீர்தான் கேட்பார்கள் என்று. ஊற்றுத் தண்ணீரும் பழைய கஞ்சியும் கொடுத்துவிட்டுத்தான் போலீசுக்குச் சொல்வார்களாம். 2022-இல் அங்கே பொருளாதாரம் சரிந்தபோதும் அதே கதை, கைக்குழந்தையோடு வந்தவர்களை மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் படகுகள் திரும்பிவிட்டன. யாருமற்ற ஊராக இருந்திருந்தால் அவர்களுக்கு யார் தண்ணீர் கொடுத்திருப்பார்கள்?

மனிதர்களைத் தவிரவும் இங்கே குடியிருப்பவர்கள் உண்டு. குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்குநீரில் பூநாரைகள் வந்து நிற்கும். 1964 புயலையும் தாங்கி நின்ற கோயில் அது. 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது, 524.7 ஹெக்டேர். தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமைகள் ராத்திரி கரையேறி மணலில் முட்டையிடும். வனத்துறையினர் விடிவதற்குள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுவார்கள். உங்கள் ட்ரோன் சத்தத்துக்குப் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறப்பது படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை இரை தின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து பயந்து ஓடுகின்றன. நெடுந்தூரம் பறந்து வந்த பறவையைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பலாமா?

அரிச்சல்முனையில் கடலில் இறங்காதீர்கள் என்று மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு கடலும் சேரும் இடம் அது. மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். இன்று நிற்கும் மணல் நாளை அங்கே இருக்காது. பலகையில் எழுதியிருப்பது பயமுறுத்துவதற்காக இல்லை. யாராவது இழுபட்டால் முதலில் குதிப்பது எங்கள் பையன்கள்.

நீங்கள் வர வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இடிந்த ரயில் நிலையத்தையும் தேவாலயத்தையும் பாருங்கள், படம் எடுங்கள், அந்த 653-ஆம் எண் ரயிலைப் பற்றியும் சொல்லுங்கள். அது மறக்கப்படக் கூடாது. அப்படியே ரோட்டோரக் குடிசைகளில் ஒன்றில் உட்கார்ந்து மீன் சாப்பிடுங்கள். எந்தக் கடலில் பட்ட மீன் என்று கேளுங்கள், சொல்வார்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அத்தையிடம் கேட்டிருந்தால் சேலையைச் சரிசெய்துகொண்டு, பேத்தியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நின்றிருப்பார்.

கரைவலை பார்க்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்குச் சாலை திறந்ததும் வந்துவிடுங்கள். கச்சான் காலமாக இருந்தால் போகும்போது இடது கைப்பக்கம் வடகடலில் இருப்பார்கள், வாடைக் காலமென்றால் வலது கைப்பக்கம். வெயில் ஏறும் முன் முதல் மடி வந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிறு பிடிக்கிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
தனுஷ்கோடிக் கரைவலைக்காரர் ஒருவரின் பேத்தி
ராமேசுவரம்